இருபத்தொரு வயதில் முதல் மேசை

வீட்டுச் சாமான் மாற்றும் வேலையில், பீரோவைத் தூக்குவதற்கு முன்னால் மராத் அதன் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்பான். தர்பூசணி பொறுக்குகிறவர்கள் செய்வார்களே, அதேதான். கணீரென்று வந்தால் "காலி" என்று சொல்லிவிட்டு முதுகைக் கொடுப்பான். சத்தம் மந்தமாக வந்தால் "உள்ளே ஆள் இருக்கு" என்பான். ஆள் என்றால் குளிர்காலக் கம்பளி, பழைய புத்தகம், வீட்டுக்காரர் மனைவிக்குத் தெரியாமல் ஒளித்துவைத்த பாட்டில், எதுவாகவும் இருக்கலாம். மூன்று வருடத்தில் ஒரே ஒருமுறைதான் அவன் காது தவறியிருக்கிறது. காலி என்று சொல்லிப் பதினோராவது மாடியிலிருந்து இறக்கிய பீரோவுக்குள் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது. "பூனைச் சத்தம் எப்படி இருக்கும்னு எனக்கு யாரும் சொல்லலையே அக்கா" என்று என்னிடம் வந்து நியாயம் கேட்டான்.

தட்டி முடித்ததும் ஒரு கேள்வி வரும். அதைக் கேட்காமல் அவன் எந்த வீட்டிலும் ஒரு பெட்டியைக்கூட மூடியதில்லை.

"போட்டோவெல்லாம் எங்க வச்சிருக்கீங்க?"

வீடு மாற்றுகிறவர்கள் டிவியைப் பற்றியும் கண்ணாடி அலமாரியைப் பற்றியும் கவலைப்பட்டுக்கொண்டு நிற்பார்கள். இவன் ஆல்பம், சுவரில் மாட்டிய கல்யாணப் படம், ஃப்ரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டிய பள்ளிக்கூடப் படம் எல்லாவற்றையும் தேடிச் சேர்ப்பான். தன் மேல்சட்டையைக் கழற்றி அதில் சுற்றுவான். லாரியின் முன்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு, பெல்ட்டை அதற்கும் சேர்த்துப் போடுவான். புது வீட்டுக்குள் முதலில் போகவேண்டியது சோறாக்கும் குக்கர் என்பது இங்கே கொரியாவில் வழக்கம். வாடிக்கையாளர்கள் அதில் கறாராக இருப்பார்கள். அதனால் மராத் இரண்டு கையிலும் குக்கரைப் பிடித்து, ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் நுழைவான். குக்கர் முதலா ஆல்பம் முதலா என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடிந்ததில்லை.

அவனுடைய முதலாளியின் பெயர் மா; இந்த ஊர்க் கொரியர், அறுபது வயதுக்காரர், சொந்தமாக ஒரு லாரியும் ஓர் ஏணி வண்டியும் வைத்திருக்கிறார். ஏணி வண்டி கீழே நிற்கும். அதன் ஏணி பதினைந்தாவது மாடி பால்கனி வரை நீண்டு போகும். ஏணியில் ஏறி வரும் சாமான்களை மராத் மேலே நின்று வாங்குவான். வாங்குகிற இடைவேளையில், தெருவில் போகிற வருகிற எல்லோருக்கும் கை காட்டுவான். முகம் தெரியாதவர்களும் பழகிவிட்டார்கள், அவர்களும் காட்டுகிறார்கள். மா முதலாளி கீழேயிருந்து கத்துவார்: "என்னடா, எலெக்‌ஷன்ல நிக்கிறியா? மெத்தையை வாங்குடா."

முதலாளிக்கு அவனிடம் பிடிக்காத விஷயம் ஒன்றே ஒன்று. புறப்படுகிற நேரத்தில் வீட்டுக்காரர் யாராவது, "ஐயோ, துணி காயப்போடுற கம்பியை விட்டுட்டோம்" என்று தலையில் கை வைத்தால், மராத் உடனே சொல்லிவிடுவான்: "அதனால என்ன, விட்டுப்போனதை ரெண்டாவது நடையில எடுத்துக்கலாம்." இரண்டாவது நடைக்கு டீசல் யார் போடுவது என்பதை அவன் யோசிப்பதே இல்லை. மா முதலாளி இந்த வாக்கியத்துக்குத் தடை போட்டுப் பார்த்தார். முடியவில்லை.

என் பெயர் ஸோயா. குவாங்ஜு நகரத்து வொல்கொக் தெருவில் ரொட்டிக்கடை வைத்திருக்கிறேன். மேல்மாடியில் ஓர் அறையில் மராத் குடியிருக்கிறான். எங்கள் தெருவில் எல்லோருக்கும் முகம் கொரிய முகம், வாய் ரஷ்ய வாய். கொள்ளுத்தாத்தாக்கள் இங்கிருந்து ரஷ்யப் பக்கம் பிழைக்கப் போனவர்கள். நாங்கள் தாஷ்கந்திலும் கசாக் புல்வெளியிலும் உக்ரைன் வெங்காய வயல்களிலும் பிறந்து, பாட்டன் நாட்டுக்குத் திரும்பி வந்து, பேருந்தில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் நின்றவர்கள். நான் வந்து பதினான்கு வருடம் ஆகிறது. பொத்தான் இப்போது தெரியும்.

மராத் வெங்காய வயல்காரன். கெர்சோன் பக்கத்தில், ஆற்றுக்கு அந்தக் கரையில், அவன் அப்பா கெனாடி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயமும் தர்பூசணியும் போட்டார். அம்மா மராத்தின் ஒன்பதாவது வயதில் இறந்துவிட்டாள். வீட்டில் இரண்டு ஆண்கள், ஒரு நாய். போர் வந்தபோது இவனுக்குப் பதினெட்டு முடிய நான்கே மாதம் இருந்தது. பதினெட்டு முடிந்த ஆண்களை அறுபது வயதுவரை எல்லையைத் தாண்ட விடமாட்டார்கள். அப்பாவுக்கு நாற்பத்தெட்டு; அவரை எப்படியும் விடமாட்டார்கள். அண்டை வீட்டு அம்மாள் ஒருத்தி பிள்ளைகளோடு வேனில் கிளம்பினாள். ஓர் ஆளுக்கு இடம் இருந்தது. கால் மணி நேரத்தில் முடிவு செய்தார்கள்.

அந்தக் கால் மணி நேரத்தில்தான் அந்தக் கூத்து நடந்தது. வாசலில் ஒரே மாதிரி நீலக் கட்டம் போட்ட இரண்டு பைகள் இருந்தன. ஒன்றில் துணிமணியும் குடும்ப ஆல்பமும். இன்னொன்றில் காலி வெங்காய வலைகள், கட்டுக்கு முப்பதாக இரண்டு கட்டு. மராத் எதைத் தூக்கியிருப்பான் என்று சொல்லவேண்டியதில்லை. ஒதெஸ்ஸா தாண்டி, மல்தோவா தாண்டி, ருமேனியாவில் ஒரு பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் படுக்கை கொடுத்த பிறகுதான் பையைத் திறந்தான். மாற்று ஜட்டி இல்லாமல் அறுபது வலைகளோடு அகதியாக வந்தவன் உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்று அவன் பெருமையாகச் சொல்லிக்கொள்வான். அந்தக் கூடத்தில் இருந்த பிள்ளைகளின் பந்துகள், செருப்புகள், பொம்மைகள் எல்லாவற்றுக்கும் வலை கொடுத்தான். ஒரே வாரத்தில் கூடம் ஒழுங்காகிவிட்டதாம். எங்கள் தெரு சங்கம் டிக்கெட் எடுத்து அனுப்ப, இரண்டு மாதம் கழித்து இஞ்சியோன் விமான நிலையத்தில் மீதி வலைகளோடு வந்து இறங்கினான். இன்றும் இடுப்பில் நாலைந்து வலைகள் தொங்கும். சாமான் மாற்றும்போது கோலிக்குண்டிலிருந்து குளிர்காலத் தொப்பிவரை அதில்தான் போகும்.

ஆல்பம் இருந்த பை வீட்டிலேயே இருந்தது. அடுத்த வருடம் அணை உடைந்து வெள்ளம் வந்து வீடு கூரைவரை முங்கியது. அதற்கு முன்பே அப்பா எப்படியோ ஆற்றைத் தாண்டி, உக்ரைனிலேயே மிகொலாயிவ் நகரத்தில் ஒரு நண்பர் வீட்டில் தங்கிவிட்டார். நாயும் தப்பியது.

வந்த புதிதில் மராத் அறையில் படுக்கமாட்டான். மாடிப்படிக்கும் சமையலறைக்கும் நடுவில், ஜன்னலே இல்லாத நடையில் பாயை விரிப்பான். வெடிச்சத்தத்துக்கும் நமக்கும் இடையில் இரண்டு சுவர் இருக்கவேண்டும் என்று அங்கே பழக்கியிருக்கிறார்கள். அதைச் சொல்லமாட்டான். "இங்கதான் அக்கா காத்து நல்லா வருது" என்பான். அந்த இடத்தில் ஈசல்கூடப் பறக்காது. நானும் "ஆமாம் ஆமாம், நல்ல காத்து" என்று சொல்லிவிட்டு, விடிகாலையில் மாவு பிசையப் போகும்போது அவன் காலைத் தாண்டிக்கொண்டு போவேன். இரண்டு மாதம் கழித்து ஒருநாள் காலில் எதுவும் தட்டுப்படவில்லை. போய்ப் பார்த்தால், ஜன்னலுக்குக் கீழே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அன்றைக்கு ரொட்டியில் உப்பு போட மறந்துவிட்டேன்.

இப்படி இருந்தவனுக்குக் காதல் வந்ததும் ஒரு வீடு மாற்றத்தில்தான். ரிம்மா சோய் என்ற அம்மாள் மூன்றாம் சந்திலிருந்து ஐந்தாம் சந்துக்கு வீடு மாற்றினாள். எங்கள் தெருவில் பிறப்பு, கல்யாணம், சாவு எதுவானாலும் அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்பவள் ரிம்மா. எந்தத் தட்டு எந்தப் பக்கம், எந்தச் சடங்கு எத்தனை மணிக்கு என்று அவள் சொன்னால் சொன்னதுதான். மராத் வழக்கம்போல ஆல்பம் கேட்டான். மகள் எல்விரா கொண்டுவந்து கொடுத்தாள். யாருடைய ஆல்பத்தையும் திறந்து பார்க்காதவன், அன்று சிக்னலில் நிற்கும்போது திறந்துவிட்டான். முதல் பக்கத்திலேயே ஒரு வயது எல்விரா, ஒரு மேசைக்கு முன்னால், கையில் கத்தரிக்கோலோடு முறைத்துக்கொண்டிருந்தாள். இப்போது எல்விரா என் கடைக்கு எதிரில் முடிதிருத்தும் நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அதன் பிறகு மராத்துக்குப் பத்து நாளைக்கு ஒருமுறை முடி வளர ஆரம்பித்தது. வெட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாத நிலை வந்தபோது, விஷயம் அவள் வீட்டுக்குப் போயிற்று.

அந்த மேசையைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் ஆட்களுக்கு வாழ்க்கையில் மூன்று மேசை. பிள்ளைக்கு ஒரு வயது நிறையும்போது பெற்றவர்கள் வைப்பது முதல் மேசை. அதில் அரிசி, நூல், கத்தரிக்கோல், புத்தகம் எல்லாம் பரப்பி, பிள்ளை முதலில் எந்த மூன்றை எடுக்கிறது என்று பார்த்து, அதன் எதிர்காலத்தைச் சொல்வார்கள். இரண்டாவது கல்யாண மேசை. மூன்றாவது, அறுபது வயதில் பிள்ளைகள் வைப்பது. முதல் மேசை வாங்காதவனுக்கு இரண்டாவது கிடையாது, இரண்டாவது இல்லாதவனுக்கு மூன்றாவது கிடையாது. நான் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்பவள் இல்லை. ஆனால் ரிம்மாவின் கண்ணெதிரில் கத்தரிக்கோல் எடுத்த பிள்ளை கத்தரிக்கோலோடு நிற்கிறதே, அவளிடம் என்ன வாதம் செய்வது?

மராத்துக்குப் பெரியவர்கள் என்று இங்கே யாரும் இல்லாததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்தான் கூடப் போனேன். ரிம்மா குளிர்ந்த நூடுல்ஸ் வைத்தாள், கேரட் ஊறுகாய் வைத்தாள், இரண்டாம் முறையும் பரிமாறினாள். பையனைப் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்டாள்:

"சரி தம்பி, உன் முதல் மேசையில என்ன எடுத்தே?"

எங்கள் தெருவில் வேறு எந்தப் பையனாக இருந்தாலும் "அரிசி எடுத்தேன்" என்று கண்ணைச் சிமிட்டாமல் சொல்லியிருப்பான். படம் வெள்ளத்தில் போயிற்று; யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

"தெரியலையே அத்தை" என்றான் இவன். "இருங்க, அப்பாகிட்டயே கேட்டுடுவோம்." சொல்லிக்கொண்டே கைபேசியை எடுத்து, எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டு நூடுல்ஸ் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டான்.

கெனாடி எடுத்தார். நலம் விசாரித்தார். மராத் கேள்வியைக் கேட்டான்.

"உனக்கு மேசை வைக்கலடா" என்றார்.

"என்னப்பா?"

"ஜூலை மாசம். வெங்காயம் அறுத்து வயல்ல கிடந்துது. மழை வர்ற மாதிரி மேகம். அடுத்த ஞாயித்துக்கிழமை வச்சுக்கலாம்னு உங்கம்மா சொன்னா. நாள் தாண்டிப்போனா வைக்கக் கூடாதுன்னு அப்புறந்தான் பெரியவங்க சொன்னாங்க. அவளுக்கு அது கடைசிவரைக்கும் மனசுல உறுத்தல். உங்கிட்ட சொல்ல வேணாம்னுட்டா."

"அப்ப நான் ஒண்ணுமே எடுக்கலையா?"

"மேசையே இல்ல, எதை எடுப்பே? மூட்டை மேல உக்காந்திருந்தே. கையில ஒரு வெங்காயம் இருந்துது, அவ்ளோதான்."

கைபேசியை அணைத்தபோது எல்விராவின் முகம் வெளுத்திருந்தது. மேசைக்குக் கீழே மராத்தின் காலை ஓங்கி ஒரு மிதி மிதிக்கவேண்டும் போல எனக்கு இருந்தது. எதற்கடா ஸ்பீக்கர் போட்டாய்? ரிம்மா கிண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தாள். அவள் அடுக்க ஆரம்பித்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

"நல்ல பையன்தான்" என்றாள், என்னைப் பார்த்து. "ஆனா முதல் மேசை இல்லாதவனுக்கு நான் கல்யாண மேசை எப்படி வைப்பேன் ஸோயா? ஊருக்கெல்லாம் சட்டம் சொல்லிட்டு, எம்பொண்ணுக்கு மட்டும் மாத்திக்கவா?"

அவள் அடுக்கிய கிண்ணங்களை மராத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் வைத்தான். திரும்பி வந்து, வீடு மாற்றுகிறவர்களிடம் பேசும் அதே குரலில் சொன்னான்:

"அத்தை, விட்டுப்போனதுதானே. ரெண்டாவது நடையில எடுத்துக்குவோம்."

ரிம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் வரப்போகிறது என்றுதான் நினைத்தேன். உதடு முதலில் ஒரு பக்கமாக இழுத்தது, பிறகு அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்து, கை துடைக்கிற துணியால் மேசையை அடித்துத் துடைத்தாள்.

"சரி. ஆனா சும்மா பேருக்கு இல்ல. உன் பிறந்தநாள் அன்னிக்கே நடக்கணும். பசையரிசியை வேகவச்சுக் கையால இடிக்கணும், மிஷின்ல அரைச்சது வேணாம். மத்தியானம் பன்னிரண்டுக்கு முன்னால முடியணும், சூரியன் சாஞ்சா வாழ்வும் சாயும். அப்புறம், மேசையைத் தகப்பன் வைக்கணும்."

"அப்பா அங்க இருக்காரே அத்தை."

"அங்கேயே ஒரு கிண்ணம் அரிசி வைக்கட்டும். வைக்கிறதை நான் கண்ணால பாக்கணும். போன்ல பாத்தாலும் போதும். பாக்கலைன்னா இல்ல."

ஜூலையில் பிறந்தநாள். அடைமழைக்காலம். தெருவே ரிம்மாவின் வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது. மராத்தே மரச் சம்மட்டியை வாங்கிப் பசையரிசியை இடித்தான். மூன்றே இடியில் சம்மட்டி ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. "குழந்தைக்குக் கை வலிக்கப்போவுது" என்று பெண்கள் கேலி செய்தார்கள். எல்விரா அவன் கழுத்தில் துண்டைக் கட்டி, ஒரு வயதுப் பையனுக்குச் செய்வதுபோல் தலையை வகிடெடுத்துச் சீவிவிட்டாள். தாழ்வான மேசை. மூன்று தட்டுப் பண்டம், அரிசி, வெள்ளை நூல், கத்தரிக்கோல், புத்தகம், பேனா. மா முதலாளி வந்தார். "எங்க வீட்லயும் இதெல்லாம் உண்டு, ஆனா மீசை முளைச்ச குழந்தையை இப்பத்தான் பாக்குறேன்" என்று சொல்லிக்கொண்டே, பெட்டி ஒட்டும் டேப் ஒன்றை எடுத்து நூலுக்குப் பக்கத்தில் வைத்தார். ரிம்மா அதை எடுத்துவிடுவாள் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. சமையலறைக்குப் போய் ஒரு வெங்காயத்தைக் கொண்டுவந்து, தோலைத் துடைத்து, அரிசிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பத்து மணிக்குக் கூப்பிடுவதாகக் கெனாடி சொல்லியிருந்தார். அங்கே அப்போது விடிகாலை நான்கு. மராத் கைபேசியை அரிசிக் கிண்ணத்தில் சாய்த்து, மேசை முழுவதும் அப்பாவுக்குத் தெரிகிற மாதிரி நிறுத்திவைத்தான். பத்து ஆயிற்று. பத்தரை. இவன் கூப்பிட்டால் மணியே அடிக்கவில்லை.

"அப்பாவுக்கு அலாரம் வச்சு எந்திரிச்சுப் பழக்கமில்ல" என்று மராத் சிரித்தான். எல்லோரும் சிரித்தோம்.

பதினொன்றுக்கு அவன் சிரிக்கவில்லை. இடுப்பிலிருந்த வெங்காய வலை ஒன்றை எடுத்து நான்காக மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான். அந்த ஊரிலிருந்து ஓர் அழைப்பு வராமல் போனால் அதற்கு என்னென்ன காரணம் இருக்கலாம் என்று எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் கடவுளிடம் எதுவும் கேட்டுப் பல வருடம் ஆயிற்று, அன்று கேட்டேன். மேசைக்காகக் கேட்கவில்லை.

பதினொன்று ஐம்பதுக்கு ரிம்மா எழுந்தாள். நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப்போட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஏறி, கடிகாரத்தைக் கழற்றிப் பின்னாலிருந்த பாட்டரியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். கடிகாரத்தைத் திரும்ப ஆணியில் மாட்டினாள்.

"என்னம்மா பண்றீங்க?" என்றாள் எல்விரா.

"பாட்டரி தீந்துபோச்சு."

"நேத்துதானே மாத்தினோம்."

"தீந்துபோச்சுன்னா தீந்துபோச்சு. மணி இன்னும் பன்னிரண்டு ஆகல. எல்லாரும் உக்காருங்க."

உட்கார்ந்தோம். மா முதலாளி தன் கைக்கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மராத் வலையை மடித்துக்கொண்டேயிருந்தான்.

கைபேசி அடித்தது. அவசரத்தில் இரண்டு தடவை விரல் தவறி, மூன்றாவது தடவைதான் எடுத்தான். திரையில் கெனாடி, ஷேவ் செய்யாத முகம், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பின்னால் ஏதோ மோட்டார் ஓடும் சத்தம்.

"கரண்டு போயிடுச்சுடா. டவரும் போச்சு. ஊரடங்கு முடியிறவரைக்கும் வெளிய வர முடியல. அஞ்சு மணிக்குக் கிளம்பி நடந்து வர்றேன். பெட்ரோல் பங்க்ல ஜெனரேட்டர் ஓடுது, அங்கதான் நிக்கிறேன். நேரம் ஆயிடுச்சா? அந்தம்மா என்ன சொல்றாங்க?"

"பன்னிரண்டு ஆகலைங்க" என்றாள் ரிம்மா, மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து உரக்க. "கடிகாரம் எதிர்லதான் இருக்கு. அரிசியை வைங்க."

நான் மட்டும், கடையில் அடுப்பு எரிகிற நினைப்பில், என் கைபேசியைத் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டேன். பன்னிரண்டு இருபது. இதை ரிம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

கெனாடி துணிப்பையிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்தார். அவ்வளவு தூரம் நடந்ததில் பாதி அரிசி பையிலேயே சிந்தியிருக்கவேண்டும். பையைக் கவிழ்த்து, சிந்தியதையும் கிண்ணத்தில் அள்ளிப்போட்டார். அடுக்கியிருந்த பழைய டயர்களின் மேல் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, அதன்மேல் கிண்ணத்தை இரண்டு கையாலும் வைத்தார். வைத்துவிட்டுக் கையை எடுக்காமல் நின்றார்.

"இருபது வருஷம் லேட்டு" என்றார்.

"தகப்பன் வச்சாச்சு" என்றாள் ரிம்மா. "குழந்தையை விடுங்க."

எல்விரா மராத்தின் முதுகைப் பிடித்து மேசைக்கு முன்னால் தள்ளினாள். அவன் மண்டியிட்டான். ஆளுக்கு ஆள் ஒரு பொருளைச் சொல்லிக் கூச்சல் போட்டோம். "அரிசி எடுடா" என்று நான். "கத்தரிக்கோல், கத்தரிக்கோல்" என்று முடிதிருத்தும் நிலையத்துப் பெண்கள். "டேப்பைப் பாரு, டேப்பு" என்று மா முதலாளி. மராத்தின் கை அரிசிக்கு மேல் போயிற்று, நூலைத் தாண்டிற்று, வெங்காயத்தின் மேல் ஒரு கணம் நின்றது. அப்புறம் கிண்ணத்தில் சாய்ந்திருந்த கைபேசியை, அதற்குள்ளிருந்த அப்பாவோடு சேர்த்து எடுத்துக்கொண்டது.

கூச்சல் நின்றது.

"அது மேசைச் சாமான் இல்லையே" என்றார் மா முதலாளி, மெதுவாக.

"மேசை மேல இருந்துதுல்ல?" என்றாள் ரிம்மா. ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். "ஒண்ணு."

மராத் கைபேசியைத் திருப்பினான். அதன் முதுகில் விரலால் இரண்டு தட்டுத் தட்டி, காதில் வைத்துக் கேட்டான். "உள்ளே ஆள் இருக்கு" என்றான்.